தையல்நாயகியோட சத்தம்

மணச்சேரி சங்கீத சபா மண்டபத்துல ஒரு சத்தம் குடியிருந்துச்சு. ஆளில்லாத மிருதங்கம், கையில்லாத மிருதங்கம், தை மாசம் வந்து உக்காந்தது ஆவணி வரைக்கும் எந்திரிக்கல, விடிஞ்சாலும் வாசிச்சுச்சு, பொழுது அடைஞ்சாலும் வாசிச்சுச்சு, கரண்டு போயி மண்டபமே இருட்டிக் கெடந்தப்பவும் வாசிச்சுச்சு, ஒரு தடவை வாசிச்சதை மறு தடவை வாசிக்கல. அது யாரோட சத்தம்னு அந்த ஊர்ல எவனும் சொல்லமாட்டான், அதனால நான் சொல்றேன். அது என் ரூம்மேட் தையல்நாயகியோட சத்தம். அவ வாசிச்சது, அவ கையில இருந்து போனது. இதுல சந்தேகம் இருக்கறவங்க இப்பவே எந்திரிச்சுப் போயிடலாம், மணச்சேரிக்காரங்களுக்கு எந்திரிச்சுப் போறது ஒண்ணும் புதுசு இல்ல.

பொங்கல் முடிஞ்சு சபாவுல வருஷாந்திரக் கச்சேரி. பாட வந்தவரு வித்வான் பெருவளப்பூர் பிரணதார்த்தி. அவருக்கு வழக்கமா வாசிக்கற மிருதங்கக்காரருக்கு அன்னிக்கு மதியம் வாந்தி பேதி. சபா செக்ரட்டரி தாண்டவராயன், சிமெண்ட் கடைக்காரர், எங்கெங்கயோ போன் போட்டும் ஆள் சிக்காம, கடைசியில எங்க லேடீஸ் ஹாஸ்டல் வாசல்ல வந்து நின்னு, காலேஜ் ஆண்டு விழாவுல மிருதங்கம் வாசிச்ச பொண்ணு இருக்காளாமேன்னு கேட்டாரு. தையல் சின்னப் புள்ளையில இருந்து வாசிக்கறவ, வர்ற புரட்டாசியில ரேடியோ ஆடிஷன் இருக்குன்னு பாத்ரூம் பக்கெட்டைக் கூட விட்டு வைக்காம தட்டிக்கிட்டுத் திரிஞ்சவ. மேடையில அவ உக்காந்ததும் வித்வான் அவளை ஒரு பார்வை பாத்துட்டு வயலின்காரர் பக்கம் திரும்பி, இன்னிக்கு வளையல் கச்சேரியும் சேந்து நடக்கும் போலன்னாரு. வயலின்காரர் சிரிச்சாரு. அவ வளையலைக் கழட்டி மடியில போட்டுக்கிட்டா.

தனி ஆவர்த்தனம்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை, எனக்கும் அப்ப தெரியாது, நான் வரலாறு படிக்கறவ. பெரிய பாட்டு ஒண்ணு பாடிக்கிட்டே வந்து பாடகர் நடுவுல நிறுத்திக்குவாரு, மிருதங்கம் தனியா பேசும். அதுக்குப் பாடம் கெடையாது, அந்த நேரத்துல அந்தக் கைக்கு என்ன தோணுதோ அதுதான். கடைசியில கோர்வைன்னு ஒண்ணு, தகதிமி மாதிரி ஒரே சொல்லை மூணு தரம் அடுக்கி வாசிப்பாங்க, அது வந்து விழுற எடத்துல பாடகர் பல்லவி வரியைச் சரியா எடுக்கணும். அந்த வரிதான் பதில். நீ சொன்னதெல்லாம் நான் கேட்டேன்னு அர்த்தம். பதில் வராம தனி முடியாது. ஆனா மணச்சேரியில தனின்னா போண்டா. மிருதங்கத்துல மொதல் அடி விழுந்ததும் முன் வரிசை பெரிய மனுஷங்க வேட்டியை உதறிக்கிட்டு எந்திரிப்பாங்க, பின்னாடியே அவங்க சம்சாரம், பின்னாடியே மச்சான் மாப்பிள்ளை, கேண்டீன்ல சட்னி தீந்துடும்னு ஓடறவங்க, ஓடாத மாதிரி வேகமா நடக்கறவங்க, இது காலங்காலமா நடக்குது, இதை யாரும் அவமரியாதைன்னு நெனைக்கறது கூட இல்ல, கேட்டா, தனியில பாட்டு இல்லையேம்மான்னு சொல்லுவாங்க.

அன்னிக்கும் போனாங்க. காலி நாற்காலிங்களைப் பாத்து தையல் வாசிச்சா. எப்படி வாசிச்சான்னு எனக்குத் தெரியாது, எனக்கு மறுநாள் இன்டர்னல் பரீட்சை, நான் போகல. அவ சொன்னது, கை தன்னால போச்சு திலகா, நான் பின்னாடி ஓடிக்கிட்டு இருந்தேன்னு. வித்வான் கொஞ்ச நேரம் தொடையில தாளம் போட்டாரு, அப்புறம் அந்தக் கையிலேயே போனை எடுத்தாரு, யாரோ அனுப்பின வீடியோ ஒண்ணை வயலின்காரருக்குக் காட்டிக்கிட்டு இருந்தாரு. தையல் கோர்வைக்கு வந்தா, மூணு தரம் அடுக்கினா, கொண்டு வந்து எடத்துல வெச்சா. பதில் இல்ல. சரி, கவனிக்கலன்னு இன்னொரு சுத்து போயி இன்னொரு கோர்வை கட்டிக் கொண்டு வந்து வெச்சா. பதில் இல்ல. மறுபடியும் போயி மறுபடியும் வந்தா. அப்ப வித்வான் தலையை நிமித்தி, மைக் பக்கத்துல இருக்கறதை மறந்துட்டு, "முடிஞ்சுதாம்மா?"ன்னாரு. கேட்டுட்டு, பல்லவியை எடுக்காம நேரா மங்களத்தைப் பாட ஆரம்பிச்சாரு.

தையல் கையைத் தூக்கிட்டா. சத்தம் நிக்கல.

மங்களம் ஒரு பக்கம் போகுது, மிருதங்கம் ஒரு பக்கம் போகுது, மிருதங்கத்து மேல கை இல்ல. கேண்டீன்ல இருந்தவங்க தனி இன்னும் முடியலன்னு இன்னொரு காபி வாங்கிக்கிட்டாங்க. எல்லாரும் திரும்பி வந்தப்ப தையல் மிருதங்கத்தை உறையில போட்டு மேடையை விட்டு எறங்கிட்டா, சத்தம் மேடையிலேயே உக்காந்திருந்துச்சு. தாண்டவராயன் ஸ்பீக்கர் ஒயரைப் புடுங்கிப் பாத்தாரு. பிரயோஜனம் இல்லன்னதும் லைட்டை அணைச்சு மண்டபத்தைப் பூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டாரு, காலையில பாத்துக்கலாம்னு.

காலையில பாத்தாங்க, இருந்துச்சு. அடுத்த வாரமும் இருந்துச்சு. இருக்கற ஒண்ணோட சண்டை போடறது மணச்சேரிக்காரங்க வழக்கம் இல்ல, அது மேல துணி காயப் போடறதுதான் வழக்கம். மொதல்ல வாக்கிங் போறவங்க மண்டபத்தைச் சுத்தி வந்தாங்க, கால் தன்னால நடக்குதுன்னு. அப்புறம் அழற கொழந்தைங்களைத் தூக்கிட்டு வந்தாங்க, கொழந்தைங்க தூங்குச்சு. பிரஷர் கொறையுதுன்னு சொன்னாங்க, சக்கரைக்கும் நல்லதுன்னு சொன்னாங்க, எதுத்தாப்புல இருந்த பரோட்டாக் கடை மாஸ்டர் கொத்துப் பரோட்டாவை அந்தத் தாளத்துக்குக் கொத்த ஆரம்பிச்சு ரெண்டாவது கடை போட்டாரு. எங்க காலேஜ் பிசிக்ஸ் சார் ஒருத்தரு வந்து சுவத்தைத் தட்டிப் பாத்துட்டு எதிரொலின்னாரு, அதுக்கும் தலையாட்டினாங்க. அடுத்த நாள் ஒரு சாமியார் வந்து நந்தி வாசிக்குதுன்னாரு, அதுக்கும் அதே தலையை ஆட்டினாங்க. போன்ல பதிவு பண்ணினா மட்டும் ஏறவே இல்ல, மின்விசிறி சத்தம்தான் வந்துச்சு, அதனால கேட்டவங்க கேக்காதவங்களுக்கு வாயாலேயே வாசிச்சுக் காட்டினாங்க, பஸ் ஸ்டாண்டுல, ரேஷன் கடை வரிசையில, தகதிமின்னு ஒருத்தன் சொன்னா இன்னொருத்தன், அப்படி இல்லப்பா, நான் கேட்டப்ப இப்படின்னு எச்சி தெறிக்கத் திருத்துவான். யார் நல்லா சொல்றாங்கன்னு சபாவுல போட்டியே வெச்சாங்க. மண்டபத்தைக் கல்யாணத்துக்கு விட்டாங்க, மேளம் இலவசம்னு. வாசல்ல பெருசா போர்டு எழுதினாங்க, வித்வான் பெருவளப்பூர் பிரணதார்த்தி அவர்கள் கச்சேரியில் எழுந்தருளிய அதிசய நாதம்னு. தையல் பேரு எங்கன்னு நான் போயிக் கேட்டேன். அந்தப் பொண்ணு அன்னிக்கு மேடையில இருந்துச்சு, இல்லேங்கலயே, ஆனா சத்தம் அது கை எடுத்ததுக்கு அப்புறம் வந்ததுதானேம்மான்னாரு தாண்டவராயன். சிமெண்ட்ல மண்ணு கலக்கறவனுக்கு நியாயத்துல கலக்கறதுக்கா தெரியாது. அதை அவர் மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டுதான் வந்தேன்.

ஊருக்கு வந்தது தெரிஞ்சுச்சு, அவளுக்குப் போனது யாருக்கும் தெரியல. தையல் கையில சத்தமே இல்லாம போச்சு. மறுநாள் காலையில மிருதங்கத்தை மடியில வெச்சு அடிச்சா, தோல் அதிருது, சத்தம் இல்ல. மிருதங்கம் மட்டும் இல்ல. ரெண்டு கையையும் சேத்துத் தட்டினா சத்தம் இல்ல, தொவைக்கற கல்லுல துணியை ஓங்கி அடிச்சா சத்தம் இல்ல, அவ கையில இருந்து தட்டு விழுந்தா பஞ்சு விழுந்த மாதிரி விழும். ஒரு நாள் பாத்ரூம் தாழ்ப்பாள் சிக்கிக்கிச்சு, உள்ள இருந்து கதவைத் தட்டித் தட்டி உள்ளங்கை செவந்து போச்சு, வெளியில வரிசையில நின்ன நாங்க, கதவுதான் சிக்கியிருக்கு, உள்ள யாருமில்லன்னு அடுத்த கதவுக்குப் போயிட்டோம். அவ கூப்பிடவும் இல்ல. தட்டினா கேக்கும்னு ஒம்பது வயசுல இருந்து பழகினவ, வாயைத் தொறந்து கூப்பிடத் தோணல அவளுக்கு. ஆடிஷனுக்கு இன்னும் ஏழெட்டு மாசம் இருந்துச்சு. ஆனா சத்தம் வராத கையோட எந்த ஆடிஷனுக்குப் போறது.

பதில் சொன்னா சத்தம் வீட்டுக்குத் திரும்பிடும்னு அவளுக்குத் தெரியும். மிருதங்கம் வாசிக்கறவங்க எல்லாருக்கும் தெரியுமாம், பசிச்சவனுக்கு சோறுன்னு தெரியற மாதிரி. அதனால நாங்க ரெண்டு பேரும் திருச்சிக்குப் போயி வித்வான் வீட்டுல நின்னோம். உக்காரச் சொன்னாரு, மோர் குடுத்தாரு, மரியாதைக்கு ஒரு கொறையும் இல்ல. நான்தான் பேசினேன்.

"அந்த ஒரு வரியை மண்டபத்துல வந்து பாடிட்டுப் போங்க சார். ரெண்டு நிமிஷம்."

"பாடறது ஒண்ணும் பெரிசில்லேம்மா. இப்போ போய்ப் பாடினா, அன்னிக்கு நான் பாடலேன்னு ஆயிடும்."

"அன்னிக்கு நீங்க பாடல."

"மங்களம் பாடிட்டேனே. மங்களம் பாடினா கச்சேரி முடிஞ்சுது."

"உங்களுக்கு முடிஞ்சுது சார். இவளுக்கு முடியல."

அவர் என்னை விட்டுட்டு தையல் பக்கம் திரும்பினாரு. போன மாசம் மண்டபத்துக்குப் போயி உக்காந்து கேட்டாராம், ஒரு மணி நேரம். "என்னமா வாசிச்சிருக்கேம்மா. எனக்குக் கண்ணுல ஜலமே வந்துடுத்து. அதைப் போய் நிறுத்தச் சொல்றியே, உனக்கு மனசு வருதா?"

தையல் அவர் மூஞ்சிக்கு முன்னாடி ரெண்டு கையையும் ஓங்கித் தட்டினா. ஒண்ணும் கேக்கல. அவர் அந்தக் கையைப் பாத்துட்டு, பகவான் ஒண்ணைக் குடுத்தா ஒண்ணை எடுத்துப்பான்னாரு. எடுத்துக்கிட்டது பகவான் இல்ல சார், நீங்கன்னு நான் சொன்னேன். கெளம்பறப்ப தையல் அவர் வீட்டு இரும்பு கேட்டை இழுத்து அறைஞ்சா, அது ஊமையா சாத்திக்கிச்சு. நான் திரும்பிப் போயி அவளுக்கும் சேத்து ஒரு அறை அறைஞ்சேன், தெரு நாயெல்லாம் எந்திரிச்சுக் கத்துச்சு.

இதுக்கு நடுவுல அவளுக்கு மாப்பிள்ளை பாத்துட்டாங்க. அவ அப்பா நெய்க்குப்பையில அரவை மில்லுல வேலை பாக்கறவரு, நாள் பூரா மெஷின் இரைச்சல்ல நின்னு காது மந்தமானவரு, மக வாசிக்கறது பிடிக்கும், ஆனா மக கை ஊமையாயிட்டதுன்னு அவருக்குப் புரிய வைக்க எங்களால முடியவே இல்ல. சத்தம் வரலன்னு அவ சொன்னா, எனக்கும்தாம்மா வரலன்னு சிரிப்பாரு. துறையூர்ல இருந்து பொண்ணு பாக்க வந்தாங்க. அவ பலகாரத் தட்டைக் கொண்டு வந்து வெச்சா, தட்டு தரையில ஒக்காந்ததே தெரியல. டம்ளரை எடுத்தா, வெச்சா, கதவைச் சாத்தினா, ஒரு சின்ன ஓசை இல்ல. மாப்பிள்ளையோட அம்மாவுக்கு மனசு நெறைஞ்சு போச்சு. எங்க மூத்த மருமக பாத்திரம் தேச்சா மூணு தெருவுக்குக் கேக்கும், இந்தப் பொண்ணு எவ்வளவு அடக்கம்னு அங்கயே பூ வெச்சுட்டாங்க. தரகரு அதையே புடிச்சுக்கிட்டாரு, சத்தமே வராத பொண்ணுன்னு.

எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்ல. நீ எப்படிடி தலையாட்டினேன்னு கேட்டா, கையில ஒண்ணும் இல்லாதப்ப எந்த வீட்டுல இருந்தா என்னன்னா. நான் கத்தினேன். அவ சண்டைக்கே வரல. சண்டைக்கு வராதவகிட்ட எப்படிச் சண்டை போடறது? கடைசியில நான்தான் சொன்னேன், அந்தாளு பாடலன்னா போறான், நான் பாடறேன், சொல்லிக் குடுன்னு. அவ என்னைப் பாத்தா. என் கொரலைப் பத்தி ஹாஸ்டலுக்கே தெரியும், நான் பாடினா வார்டன் குக்கர் விசில்னு அடுப்பை அணைக்கப் போவாங்க. பாடறது முக்கியம் இல்லடி, கேக்கணும், மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் தாளத்தை விடாம கேட்டாதான் எங்க எடுக்கணும்னு தெரியும்னா.

அப்புறம் தெனம் மாடிப் படியில ஒக்காந்து அவ சத்தமில்லாம தாளம் போடுவா, நான் அவ வெரலைப் பாத்து எண்ணுவேன். அந்த வரி மொத்தம் நாலே வார்த்தை, ஒரு முருகன் பாட்டு. ஆனா தாளத்தோட மொதல் அடியில ஆரம்பிக்காது, அரை அடி தள்ளி ஆரம்பிக்கும். அந்த அரை அடி எனக்குப் பிடிபடவே இல்ல. பொறுடி, உடனே பாயாத, அந்த அடியை விழ விடு, அப்புறம் எடுன்னு சொல்லிச் சொல்லிப் பாத்தா. பொறுக்கறது எங்க பரம்பரையிலேயே கெடையாது, நான் என்ன பண்ணுவேன்.

காலேஜ் விட்டதும் மண்டபத்துல போயி உக்காந்தேன். ரெண்டு மாசம் உக்காந்தேன், கோர்வை வரவே இல்ல. சத்தம் எங்கெங்கயோ போகும், திரும்பற மாதிரி வரும், நான் வாயைத் தொறப்பேன், பக்கத்துல ஒருத்தன் போன் எடுத்துப் பேசுவான், அது வெலகி வேற எங்கயோ போயிடும். முடிக்கறதுக்கு அதுக்கு நம்பிக்கை வரல. கூட்டம் கூட்டமா வந்தாங்க, எல்லாரும் அதுல இருந்து எதையோ எடுத்துக்கிட்டுப் போனாங்க. தையலையும் கூப்பிட்டேன். சபா வாசல்படியை மிதிக்கமாட்டேன்னுட்டா.

மிதிக்க வெச்சது அவ கல்யாணம்தான். மேளம் இலவசம்னு அவ அப்பா அதே மண்டபத்தைப் புடிச்சுட்டாரு. ஆவணி மாசம், காலை முகூர்த்தம், வாழை மரம் கட்டி, அந்த போர்டுக்கும் மாலை போட்டு. நான் பொம்பளைங்க வரிசையில அட்சதையைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். தையல் உள்ள வந்து மணையில ஒக்காந்ததும் சத்தம் ஒரு நொடி தடுமாறுச்சு. ஊர்ல யாரும் கவனிக்கல, நான் கவனிச்சேன். அதுக்கு அவளைத் தெரிஞ்சுபோச்சு. அதுவரைக்கும் ஊர் சுத்திக்கிட்டு இருந்தது நேரா நடக்க ஆரம்பிச்சுச்சு, கனமா, அடி மேல அடியா, அவளைப் பாத்து. தையல் குனிஞ்சே இருந்தா, ஆனா புடவை மடிப்புக்குள்ள அவ வெரல் தாளம் போட்டுது, நான் கண்ணால அந்த வெரலைப் புடிச்சுக்கிட்டேன்.

மாப்பிள்ளை தாலியை எடுத்தாரு. யாரோ கெட்டி மேளம்னு கத்தினாங்க. எல்லாக் கல்யாணத்துலயும் அந்த நேரத்துல சத்தம் வேகம் புடிக்கும், அன்னிக்குப் புடிக்கல, அது யாரையும் மதிக்கல, தன் கணக்குல கோர்வைக்கு வந்துச்சு. மொதல் தரம். மாப்பிள்ளை தாலியைப் புடிச்சுக்கிட்டு மேளத்துக்காக நின்னாரு. ரெண்டாவது தரம். தாண்டவராயன் மேடை ஓரத்துல இருந்து கைய ஆட்டி வேகம் வேகம்னு அதட்டறாரு, என்னமோ அவர் சம்பளம் குடுத்து வெச்ச ஆள் மாதிரி. மூணாவது தரம். நான் எந்திரிச்சு நின்னு பாடினேன். அந்த நாலு வார்த்தையையும், என் கொரல்ல, குக்கர் விசில்லயே, பாடினேன்.

சத்தம் நின்னுச்சு.

மணச்சேரி மண்டபம் அப்படி ஒரு அமைதியைக் கேட்டு மாசக்கணக்காச்சு. தூங்கிக்கிட்டு இருந்த கொழந்தைங்க அத்தனையும் ஒண்ணா முழிச்சுச்சு. மணையில ஒக்காந்திருந்தவ கை லேசா அசைஞ்சுச்சு, வளையல் கலகலன்னுச்சு. அவ கையைத் தூக்கிப் பாத்தா, கீழ இருந்த மணைப் பலகையில உள்ளங்கையை வெச்சு ஒரே அடி, மண்டபம் பூரா அதிர்ந்துச்சு, குத்துவிளக்குல திரி ஆடுச்சு. இன்னொரு அடி. மாப்பிள்ளையோட அம்மா எந்திரிச்சாங்க. சத்தம் வராதுன்னுதானே சொன்னீங்கன்னு தரகரைக் கேட்டாங்க. தரகரு பொண்ணோட அப்பாவைப் பாத்தாரு. அப்பாவுக்கு அன்னிக்குதான் மொத தடவையா மக கை நல்லாக் கேட்டுச்சுன்னு நெனைக்கறேன், அவர் மகளையே பாத்துக்கிட்டு நின்னாரு. மெதுவாம்மா, கையை மடியில வை, இப்ப வேணாம்னு சொன்னாரு. தையல் கையை மடியில வைக்கல. துறையூர்க்காரங்க தாலியைத் தட்டுல வெச்சுட்டுப் போயிட்டாங்க.

ஊர்ல ஒருத்தனும் அவளுக்குக் கல்யாணம் நின்னு போச்சேன்னு வருத்தப்படல, சத்தம் நின்னு போச்சேன்னு மாரடிச்சாங்க. என்னை ஊர் சொத்தை அழிச்சவன்னாங்க. நான் அழிக்கல, பதில் சொன்னேன்னேன், எதுக்குப் பதில், அது கேள்வியா கேட்டுச்சுன்னு தாண்டவராயன் கேட்டாரு. வித்வான் பேப்பருக்குப் பேட்டி குடுத்தாரு, அன்னிக்குக் காலையில பூஜையில உக்காந்தப்ப மனசுக்குள்ளேயே பல்லவியை எடுத்து அந்த நாதத்துக்கு விடை குடுத்தேன்னு. அதைச் சட்டம் போட்டு மண்டபத்துல மாட்டியிருக்காங்க. நம்பறாங்க. கண்ணு முன்னாடி நான் நின்னு கத்தினதைக் கேட்டவங்களே நம்பறாங்க, ஏன்னா என் கொரல்ல அதிசயம் நடக்கறதை ஒத்துக்கறதை விட அவர் மனசுக்குள்ள நடந்ததுன்னு ஒத்துக்கறது அவங்களுக்கு கௌரவமா இருக்கு.

கல்யாணம் நின்ன அன்னிக்கு மதியம் நாங்க நெய்க்குப்பைக்கு டவுன் பஸ்ல போனோம். அவ அப்பா முன் சீட்டுல, தேங்காய்ப் பை மடியில. பின்னாடி நானும் தையலும், கல்யாணப் புடவையோட. அப்புறம் அவ சொன்னா, "அரை அடி முந்திட்ட."

"என்னடி?"

"பல்லவியை. அரை அடி முன்னாடியே எடுத்துட்ட. அடி விழட்டும்னு எத்தனை தடவை சொன்னேன். அந்தாளா இருந்தா சரியா எடுத்திருப்பாரு."

எனக்குத் தலையில அடிச்சுக்கலாம் போல இருந்துச்சு. உன் அந்தாளுதான்டி எடுக்கவே இல்லன்னு கத்த வாயைத் தொறந்தேன். அதுக்குள்ள அவ முன் சீட்டு முதுகுத் தகரத்துல வாசிக்க ஆரம்பிச்சுட்டா. தகரம்னாலும் சொல்லு சொல்லா விழுந்துச்சு, பஸ் பூரா திரும்பிப் பாத்துச்சு. கண்டக்டர் வந்து, யாரும்மா அது, சத்தம் போடாதன்னாரு. அது அவ அப்பா ஒக்காந்திருந்த சீட்டு. ஒவ்வொரு அடியும் அவர் முதுகுல போயி எறங்குது. அவர் திரும்பிப் பாக்காம, போதும்மா, எல்லாரும் பாக்கறாங்கன்னாரு. அவ நிறுத்தல. இன்னொரு தடவை சொன்னாரு. அவ நிறுத்தல.

அவர் எந்திரிச்சு, தேங்காய்ப் பையை எடுத்துக்கிட்டு, ஊருக்கு ரெண்டு ஸ்டாப் முன்னாடியே, வெறும் பொட்டல்ல எறங்கிட்டாரு. பஸ் அவரைத் தாண்டிப் போச்சு. தையல் ஜன்னல் வழியா அவரைப் பாத்தா, தெரியற வரைக்கும் பாத்தா, கை மட்டும் நிக்கல. கோர்வை எப்ப வரும்னு தெரியல, நான் வாயை இறுக்க மூடிக்கிட்டு எண்ணிக்கிட்டே இருந்தேன்.